பயறு, எறும்பு, கறிவேப்பிலைப் புழு: பாலர் வகுப்பில் உயிரினங்களை விளையாட்டாக அறிமுகப்படுத்துவது எப்படி?

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் வகுப்பை முதன்முறையாக ஏற்றுக்கொள்பவர்கள், உயிருள்ளவை, உயிரற்றவை என்ற பாடம் வந்ததும் பெரும்பாலும் இரண்டு கட்டங்கள் போட்ட வண்ணப்படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, யானையையும் நாற்காலியையும் மாறி மாறித் தொட்டுக் காட்டிக் குழந்தைகளைத் திருப்பிச் சொல்ல வைக்கிறார்கள். ஒரு வாரத்தில் எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். பிறகு, படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி அதே குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேலே சுற்றும் ஃபேனுக்கு உயிர் இருக்கிறதா, வாசலில் நிற்கும் வேப்பமரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டால், ஃபேனுக்கு உண்டு, மரத்துக்கு இல்லை என்ற விடையை நான் பல முறை கேட்டிருக்கிறேன். படம் பார்த்துக் கற்றது படத்தோடு நின்றுவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அங்கன்வாடியிலோ மழலையர் பள்ளியிலோ புதிதாகச் சேர்ந்தவர்களை மனத்தில் வைத்து எழுதும் இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் வரிசை வழக்கத்துக்கு நேர்மாறானது. முதலில் ஏதாவது ஒன்றை வளர்க்க வேண்டும். அடுத்து உற்றுப் பார்க்க வேண்டும். அதன் பிறகு உடலால் நடித்து விளையாட வேண்டும். பிரித்து அடுக்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். மொத்தம் ஐந்து வாரம் பிடிக்கும். ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இதற்கு ஒதுக்க வேண்டாம்.

தொடங்கும் முன்: குழந்தை என்ன நினைக்கிறது?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே 1920-களிலேயே சிறுவர்களிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்தார். சூரியன், மேகம், மிதிவண்டி ஆகியவற்றுக்கு உயிர் உண்டு என்று சிறு குழந்தைகள் கருதுவதையும், அசைவதெல்லாம் உயிருள்ளது என்ற கணக்கில் அவர்கள் போவதையும் அவர் கண்டார். நம் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது நம் மொழியில் இருக்கிறது. நாய் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. ஒரே வினைச்சொல்லை எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். பேட்டரி செத்துப்போய்விட்டது என்றும் சொல்கிறோம். போதாக்குறைக்கு, தமிழின் திணைப் பாகுபாடு நாயையும் கல்லையும் ஒரே அஃறிணையில் சேர்த்து இரண்டையும் ‘அது’ என்கிறது. இதையெல்லாம் திருத்தப் புறப்பட வேண்டாம். குழந்தையின் விடை முட்டாள்தனமானதன்று, தான் கேட்கும் பேச்சிலிருந்தும் காணும் அசைவிலிருந்தும் அது சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறது என்பதை ஆசிரியர் உணர்ந்திருந்தால் போதும்.

எனவே முதல் நாள் எதையும் கற்பிக்காமல், குழந்தைகளை ஐந்தைந்து பேராக அழைத்து, பத்துப் பொருள்களைப் பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பூனை, காகம், எறும்பு, வேப்பமரம், புல், கல், பொம்மை, பஸ், ஃபேன், எரியும் விளக்கு ஆகிய பத்தும் போதுமானவை. தவறு என்று சொல்லாமல், ஏன் அப்படி என்று மட்டும் கேளுங்கள். ஐந்தாவது வாரத்தில் இந்த நோட்டு மீண்டும் தேவைப்படும்.

முதல் இரண்டு வாரம்: பயறு

வளர்ப்பதற்குப் பச்சைப்பயறைவிட நல்லது ஒன்றும் இல்லை. எட்டு மணி நேரம் ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால் மறுநாளே வெள்ளை முளை தெரியும். மண்ணில் ஊன்றினால் நான்கைந்து நாளில் இரண்டு இலைகளோடு எழுந்து நிற்கும். நான்கு வயதுக் குழந்தையின் பொறுமைக்கு இந்த வேகம்தான் பொருந்தும். ஒரு மாதம் காத்திருக்க வேண்டிய விதை எதுவும் இந்த வகுப்புக்கு ஆகாது.

ஆளுக்கொரு கொட்டாங்குச்சியை எடுத்து, அடியில் உள்ள கண்ணைத் துளைத்து, மண் நிரப்பி, நான்கு பயறுகளை விரல் நுனி ஆழத்தில் ஊன்றச் செய்யுங்கள். குழந்தையின் பெயரோடு அது சொல்லும் அடையாளம் ஒன்றையும் கொட்டாங்குச்சியின் மேல் வரைந்து வைத்தால், எழுத்தறியாத குழந்தையும் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொள்ளும். நீர் ஊற்றுவதற்குச் செம்போ குவளையோ தரக்கூடாது. முதல் ஆண்டில் நான் செய்த தவறு அதுதான்: இருபது குழந்தைகளும் அன்பு மிகுதியால் ஒரு நாளைக்குப் பத்து முறை நீர் ஊற்றியதில் அத்தனை விதைகளும் அழுகி நாறின. பாட்டில் மூடி ஒன்றைக் கையில் கொடுத்து, காலையில் இரண்டு மூடி என்று சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சனி, ஞாயிறு விடுமுறைக்கு முன் வெள்ளிக்கிழமை மாலையில் எல்லாவற்றையும் நிழலுக்கு மாற்றி நன்றாக நனைத்து வைப்பது ஆசிரியரின் வேலை.

உங்களுக்கென்று மூன்று கொட்டாங்குச்சிகளைத் தனியாக வையுங்கள். ஒன்றில் வேகவைத்த பயறு, இன்னொன்றில் உடைத்த பாசிப்பருப்பு, மூன்றாவதில் பயறளவே உள்ள சிறு கூழாங்கற்கள். இவற்றுக்கும் நாள்தோறும் இரண்டு மூடி நீர் ஊற்றுங்கள். ஆறாம் நாள் குழந்தைகள் தாங்களாகவே கேட்பார்கள். கல் ஏன் முளைக்கவில்லை என்பதற்கு அவர்களே விடை சொல்லிவிடுவார்கள். வேகவைத்த பயறு ஏன் முளைக்கவில்லை என்பதுதான் நல்ல கேள்வி. அதற்கு உயிர் இருந்தது, வெந்நீரில் போய்விட்டது என்று எளிமையாகச் சொல்லுங்கள். இருந்து இல்லாமல் போவது, எப்போதும் இல்லாமலேயே இருப்பது என்ற வேறுபாடு குழந்தையின் காதில் முதன்முறையாக விழுவது இங்கேதான்.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக் குழந்தைகள் பயறை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். ஈரத்தில் பயறு உப்பிவிடுவதால் எடுப்பது கடினம், மருத்துவரிடம்தான் ஓட வேண்டியிருக்கும். எனவே எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். குன்றிமணி, ஆமணக்கு, ஊமத்தை, அரளி ஆகியவற்றின் விதைகள் கடும் நஞ்சுடையவை. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எண்ணும் பாடத்துக்குக்கூட வகுப்பில் வைக்க வேண்டாம். நீர் நிறைந்த வாளியைக் குழந்தைகளின் பக்கத்தில் விட்டுவிட்டுத் திரும்பக்கூடாது.

செடி வெளிச்சத்தைத் தேடுவதைக் காட்டுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு செயலுக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால் இதைச் செய்யுங்கள். செடிக்கு உயிர் உண்டு என்பதைக் குழந்தை ஏற்க மறுப்பதற்குக் காரணம், செடி தனக்கு வேண்டியதை நோக்கி நகர்வது அதன் கண்ணுக்குத் தெரியாததுதான். ஜான் ஆப்ஃபர், ராபர்ட் சீக்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், நீரையும் வெளிச்சத்தையும் நோக்கிச் செடிகள் வளைந்து செல்கின்றன என்பதை அறிந்துகொண்ட ஐந்து வயதுக் குழந்தைகள், செடிகளை உயிருள்ளவற்றோடு சேர்க்கத் தொடங்கியதைக் காட்டினார்கள். அசைவுதான் உயிர் என்ற குழந்தையின் கணக்கு சற்றே செம்மைப்படுகிறது: சும்மா அசைவதன்று, தனக்கு வேண்டியதைத் தேடி அசைவதே உயிர்.

செய்முறை எளிது. செருப்புப் பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்து, பக்கவாட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவு துளையிட்டு, இரண்டு இலை விட்ட பயற்றுச் செடியை உள்ளே வைத்து மூடுங்கள். துளை சன்னலைப் பார்த்திருக்க வேண்டும். நான்கு நாள் கழித்துத் திறக்கும்போது செடி துளையை நோக்கி வளைந்திருக்கும். நீர் ஊற்றுவதற்காக நாளுக்கொரு முறை திறக்கலாம். அப்போது எட்டிப் பார்ப்பதற்குக் குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். வளைந்த பிறகு பெட்டியைத் திருப்பி வைக்காமல், செடியை மட்டும் திருப்பி வைத்து மீண்டும் மூடினால், அது மறுபடி இந்தப் பக்கம் வளையும். இந்த இரண்டாவது வளைவுதான் குழந்தைகளை உண்மையில் வியக்க வைக்கிறது.

துளையே இல்லாத இன்னொரு பெட்டியில் ஒரு செடியை வைத்தால் அது வெளிறி, மஞ்சளாகி, ஒல்லியாக நீண்டு நிற்கும். அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் ஊர்களில் இதை விளக்கவே தேவையில்லை. வெளிச்சம் படாத அறையில் வளர்ப்பதால்தான் முளைப்பாரி அந்த இளமஞ்சள் நிறத்தில் இருக்கிறது என்று சொன்னால் குழந்தையின் பாட்டி தலையசைப்பார். செடிக்கு உயிரா என்று கேட்கும் பெற்றோருக்கும் நம்மிடம் பழைய விடை இருக்கிறது: தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டும் கொண்ட ஓரறிவு உயிர்களாக வரிசையின் முதலில் வைக்கிறது. பள்ளி வளாகத்தில் தொட்டாற்சுருங்கி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள், ஆனால் முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள்; மேலும், அது சுருங்குவதால் மட்டுமே உயிருள்ளது என்று குழந்தை எண்ணிவிடாதபடி பயற்றுச் செடிக்குப் பிறகே அதைக் காட்டுங்கள்.

மூன்றாம் வாரம்: எறும்பும் புழுவும்

எறும்புக்குச் செலவே இல்லை. காலையில் வாசலில் பச்சரிசி மாவில் சிறு கோலமிட்டு, பக்கத்தில் ஒரு காகிதத்தில் வெல்லத்தூள், உப்பு, மணல் ஆகிய மூன்றையும் சிறு சிறு குவியலாக வையுங்கள். எந்தக் குவியலுக்கு எறும்பு முதலில் வரும் என்று குழந்தைகள் ஆளுக்கொரு கல்லை வைத்துப் பந்தயம் கட்டட்டும். கறுப்பாக, சிறிதாக விரைந்தோடும் பிள்ளையார் எறும்பு கடிப்பதில்லை. சிவப்பு எறும்பும் கட்டெறும்பும் வரும் இடத்தில் உட்கார வைக்கக்கூடாது. வரிசையின் குறுக்கே ஓர் இலையைப் போட்டால் எறும்புகள் தடுமாறிப் பிறகு வழி கண்டுபிடிப்பதைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் சாவி கொடுத்து ஓடும் பொம்மைக் காரையும் அதே இலையின் மேல் ஓடவிடுங்கள். கார் முட்டி நிற்கும், அல்லது கவிழும். எறும்பு சுற்றிப் போகும். இரண்டும் ஓடுகின்றன, ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒரு சொல்கூடப் பேசாமல் காட்டிவிடலாம்.

புழு வளர்ப்பது கொஞ்சம் வேலைதான், ஆனால் செய்யத் தகுந்தது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தைச் செடிகளின் இலைகளில், மழைக்குப் பிந்திய நாள்களில் குறிப்பாக, பறவை எச்சம்போலத் தோன்றும் சிறு புழுக்கள் இருக்கும். வளர்ந்ததும் அவையே வழவழப்பான பச்சை நிறத்துக்கு மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஒன்றை நீட்டிக் கடுமையான வாசத்தை வீசும். தீங்கு ஏதும் இல்லை. உடலெங்கும் மயிர் நிறைந்த கம்பளிப்பூச்சியை மட்டும் யாரும் தொடக்கூடாது. புழு இருக்கும் கொத்தை அப்படியே ஒடித்து, தண்ணீர் நிறைந்த சிறு பாட்டிலில் செருகி, புழு உள்ளே விழுந்துவிடாதபடி பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைத்து, ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொசுவலைத் துணியால் மூடுங்கள். இலையை நாள்தோறும் மாற்ற வேண்டும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள். மருந்தடித்த இலையாக இருந்தால் புழு மறுநாளே செத்துக் கிடக்கும்.

பெட்டியின் அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து வைத்தால், கறுப்பு மிளகுபோல உதிர்ந்து கிடக்கும் எச்சத்தைக் குழந்தைகள் காலையில் எண்ணலாம். முகம் சுளிக்காதீர்கள். உண்கிறது, கழிக்கிறது, பெரிதாகிறது என்ற மூன்றையும் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிடச் சுவையான பேச்சும் கிடையாது. சில நாள்களில் புழு உண்பதை நிறுத்தி, குச்சியில் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். நம் வெயிலுக்கு ஏறத்தாழ பத்து நாளில், பெரும்பாலும் காலை நேரத்தில், வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். சிறகு காய்வதற்கு ஓரிரு மணி நேரம் ஆகும் என்பதால் அதுவரை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு, பிறகு தோட்டத்தில் விட்டுவிடுங்கள். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவியோ ஈயோ வெளிவரும். அந்தக் குளவியின் அல்லது ஈயின் தாய் முன்பே புழுவில் முட்டையிட்டிருந்தது என்பதே காரணம். குறைந்தது மூன்று புழுக்களையாவது வளர்த்தால் ஏமாற்றம் இருக்காது.

வளர்ப்பதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர் கயோகோ இனகாகி 1990-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் தங்கமீன் வளர்த்த மழலையர் பள்ளிக் குழந்தைகள், தாங்கள் வளர்த்திராத தவளையைப் பற்றிக் கேட்டபோதும், மீனைப் பற்றித் தெரிந்ததை வைத்துப் பொருத்தமாக விடை சொன்னதைக் கண்டார். மீன் வளர்க்காத குழந்தைகளால் அவ்வளவு தூரம் ஊகிக்க முடியவில்லை. தன் கையால் ஊட்டி வளர்த்த ஒரே ஓர் உயிர், பார்த்திராத பல உயிர்களுக்கு அளவுகோலாகிறது.

நான்காம் வாரம்: நடித்து விளையாடுதல்

இப்போதுதான் விளையாட்டுக்குச் சரக்கு சேர்ந்திருக்கிறது. மூன்று வயதினருக்கு விதை விளையாட்டு: குழந்தை தரையில் சுருண்டு படுக்க, பழைய சேலையை மேலே போர்த்தி, விரலால் இரண்டு சொட்டு நீர் தெளித்தால், முதலில் ஒரு கால் நீளும், ஏனெனில் வேர்தான் முதலில் வரும், பிறகு கைகள் எழும்பி, ஆசிரியர் காட்டும் சன்னல் பக்கம் உடல் வளையும். பயறைப் பார்த்திராத குழந்தை நேராக எழுந்து நின்றுவிடும். பார்த்த குழந்தை காலைத்தான் முதலில் நீட்டும்.

நான்கு வயதினருக்குச் சாவி விளையாட்டு. பாதிப் பேர் பொம்மைகள், பாதிப் பேர் கோழிக்குஞ்சுகள். பொம்மையின் முதுகில் யாராவது சாவி திருகினால்தான் அது நகரும், சுவரில் முட்டினால் நின்றுவிடும். குஞ்சுகளை யாரும் திருக வேண்டாம். தரையில் தானியத்தை வீசுவதுபோல ஆசிரியர் கையை வீசினால் தாமாக ஓடி வரும், பருந்து என்றால் அம்மாக் கோழியின் முந்தானைக்குள் ஒளியும். இதைத் தொடர்ந்து மூன்று நாள் விளையாடிய பிறகு, ஃபேனுக்கு உயிர் இருக்கிறதா என்ற பழைய கேள்வியைக் கேட்டால், ‘ஸ்விட்ச் போட்டாத்தானே சுத்தும்’ என்று யாராவது ஒரு குழந்தை சொல்லிவிடும். அந்த விடை ஆசிரியரிடமிருந்து வராமல் குழந்தையிடமிருந்தே வருவதற்காகத்தான் இத்தனை பாடு.

ஊர்க் குழந்தைகள் அறிந்த ‘காக்கா பற, குருவி பற’ விளையாட்டையும் சற்றே மாற்றலாம். பறக்கும் பெயர் சொன்னால் கையைத் தூக்குவதற்குப் பதிலாக, வளரும் பெயர் சொன்னால் எழுந்து நிற்க வேண்டும், வளராத பெயர் சொன்னால் உட்கார வேண்டும். எருமை, கல், முருங்கை, பஸ், தம்பிப் பாப்பா என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போங்கள். தவறு செய்த குழந்தையை ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டாம். அதற்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படுகிறது.

ஐந்தாம் வாரம்: மூன்று கூடைகள்

பிரித்து அடுக்குவது நான்கு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். வழக்கமாக இரண்டு கூடை வைப்பார்கள். நான் மூன்று வைக்கச் சொல்கிறேன். உயிர் இருப்பது, உயிர் இருந்தது, எப்போதும் உயிர் இல்லாதது. இரண்டு கூடை மட்டும் இருந்தால், உதிர்ந்த இலையையும் மரக்கட்டையையும் கையில் வைத்துக்கொண்டு குழந்தை திகைக்கும். அந்தத் திகைப்பு நியாயமானது. பயற்றுச் செடி, முளைவிட்ட வெங்காயம், காய்ந்த இலை, கோழி இறகு, பருத்தித் துணி, கூழாங்கல், ஸ்பூன், பிளாஸ்டிக் மாடு ஆகியவை நல்ல பொருள்கள். பிளாஸ்டிக் மாட்டைக் கட்டாயம் சேருங்கள். மாட்டுக்கு உயிர் உண்டு, இந்த மாட்டுக்கு இல்லை என்பதைச் சொல்லத் தெரிந்த குழந்தை வெகுதூரம் வந்துவிட்டது. சாமி படத்தையோ சிலையையோ கூடைக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அது வேறு பேச்சு, வீட்டுக்குரியது.

பிறகு முதல் நாள் நோட்டை எடுத்து, அதே பத்துக் கேள்விகளைக் கேட்டு, விடைகளைப் பக்கத்தில் எழுதுங்கள். சரியான விடைகளின் எண்ணிக்கையைவிட ‘ஏன்’ என்பதற்குக் கிடைக்கும் பதில்கள் முக்கியமானவை. அசைகிறது என்பதற்குப் பதிலாகத் தின்கிறது, வளர்கிறது, குடிக்கிறது என்ற சொற்கள் வந்திருந்தால் வேலை நடந்திருக்கிறது.

எதிர்பாராமல் வரும் கேள்விகள்

புழு இறந்துவிட்டால் என்ன சொல்வது என்று புதியவர்கள் தவறாமல் கேட்கிறார்கள். இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள். தூங்குகிறது என்று சொன்னால், அன்று மதியம் பாயில் படுக்க மறுக்கும் குழந்தையைச் சமாளிக்க வேண்டியிருக்கும். இனி அது தின்னாது, நகராது, திரும்ப எழாது என்று சொல்லி, குழந்தைகளோடு சேர்ந்து செடியின் அடியில் புதைத்துவிட்டு, கை கழுவி வகுப்புக்குத் திரும்பலாம்.

எரியும் விளக்கு இன்னும் கடினம். எண்ணெய் குடிக்கிறது, பெரிதாகிறது, ஊதினால் இல்லாமல் போகிறது. குழந்தையின் வாதத்தில் ஓட்டையே இருக்காது. விளக்கு குட்டி போடுமா, தானாக எண்ணெயைத் தேடிப் போகுமா என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு திரியிலிருந்து இன்னொரு திரியை ஏற்றுவதைக் காட்டி அதுதான் குட்டி என்று ஒரு குழந்தை என்னை மடக்கியிருக்கிறது. விளக்குக்கு உயிர் இல்லை, ஆனால் நீ கேட்டது நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

முட்டையைப் பற்றிக் கேட்டால், கோழி அடைகாக்கும் முட்டைக்குள் குஞ்சு வளரும், கடையில் வாங்கும் முட்டையில் பெரும்பாலும் வளராது என்று சொன்னால் போதும். தோசைமாவு பற்றிய கேள்விதான் என்னைச் சற்று யோசிக்க வைத்தது. இரவில் பாதிப் பாத்திரம் இருந்த மாவு காலையில் பொங்கி வழிகிறதே, வளர்வதற்கெல்லாம் உயிர் உண்டு என்று டீச்சர்தானே சொன்னார்கள் என்று குழந்தை கேட்டது. மாவுக்கு உயிர் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்கள் மாவுக்குள் இருக்கின்றன, அவை மாவைத் தின்று காற்றை வெளியே விடுவதால்தான் மாவு உப்புகிறது என்பது உண்மையான விடை, அதையே சொல்லலாம். அப்படியானால் இட்லிக்குள்ளும் அவை உயிரோடு இருக்குமா என்று அடுத்த கேள்வி வரும். வேகவைத்த பயறு இருந்த கொட்டாங்குச்சியை அப்போது கையில் எடுத்துக் காட்டினால், விடையைக் குழந்தையே சொல்லிவிடும்.